பழைய பிலிம் கேமராக்களும் கையால் திருப்பும் லென்ஸ்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் தோளில் தொங்கும் பென்டாக்ஸைப் பார்த்ததும் பஸ்ஸில், கல்யாண வீட்டில், கோயில் பிரகாரத்தில் என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் நிறுத்திக் கேட்பார்: "இதுக்கெல்லாம் இன்னும் ரோல் கிடைக்குதா தம்பி?" அடுத்து, தன் வீட்டில் கிடக்கும் ஒரு கேமராவைப் பற்றிச் சொல்வார். அவர்களிடம் நின்றபடியே சொன்ன பதில்களைத்தான் இங்கே உட்கார்ந்து விரிவாக எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் 1960 முதல் 1985 வரை வந்த, 35 மி.மீ. பிலிம் போடும் எஸ்எல்ஆர் கேமராக்களையும் (உள்ளே ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி வைத்து, லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும் வகை) அவற்றின் லென்ஸ்களையும் பற்றியது.

கையில் போன் இருக்கும்போது இது எதற்கு?

படம் தெளிவாக விழ வேண்டும் என்பது மட்டும்தான் தேவை என்றால் போனே போதும். நானும் ரேஷன் கார்டையும் கரண்ட் பில்லையும் போனில்தான் எடுக்கிறேன்.

ஒரு படம் எடுப்பதில் முடிவு செய்ய வேண்டியவை மூன்று. லென்ஸின் துளை எவ்வளவு திறக்க வேண்டும், ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும், எந்தத் தூரத்தில் இருப்பது தெளிவாக விழ வேண்டும். போனில் துளை பெரும்பாலும் ஒரே அளவுதான், மற்ற இரண்டையும் அது தானே முடிவு செய்துகொள்கிறது. போதாதென்று நாலைந்து படங்களை நொடியில் எடுத்து ஒன்றாகக் கலந்தும் விடுகிறது. பழைய கேமராவில் துளைக்கு ஒரு வளையம், ஷட்டருக்கு ஒரு சக்கரம், போகஸுக்கு ஒரு வளையம். மூன்றும் விரலுக்கு எட்டும் இடத்தில், எண்கள் பொறித்து இருக்கும். முதல் இரண்டும் திருப்பினால் 'டக்' என்று உட்காரும். ஒரு வருடம் இதைத் திருப்பிப் பழகினால் வெளிச்சத்தைப் பார்க்கும் கண்ணே மாறிவிடுகிறது. திண்ணையில் விழும் காலை வெயிலுக்கும் கிணற்றடி நிழலுக்கும் எத்தனை படி (ஒரு படி என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு அல்லது பாதி) வித்தியாசம் என்று கேமரா இல்லாதபோதும் மனம் கணக்குப் போட ஆரம்பிக்கும்.

அடுத்தது எண்ணிக்கை. ஒரு ரோலுக்கு 36 படம். என் ஆச்சியைப் போனில் எடுத்தவை நானூறுக்கு மேல் இருக்கும். ரோலில் எடுத்தது ஏழே ஏழு. ஆச்சி போன பிறகு சட்டம் போட்டு மாட்டியது அந்த ஏழில் ஒன்று. நான் வளையத்தைத் திருப்பி போகஸ் பிடிக்கும்வரை ஆச்சி என்னைப் பார்த்துக்கொண்டே பொறுமையாக இருந்தார். அந்தப் பார்வைதான் படத்தில் இருக்கிறது. போனில் எடுத்த நானூறிலும் அந்தப் பார்வை இல்லை.

ஐம்பது வருடக் கேமரா இன்றும் எப்படி ஓடுகிறது?

அதன் உள்ளே இருப்பது கடிகாரத்தில் இருப்பது போன்ற வேலை. ஸ்பிரிங், பல்சக்கரம், நெம்புகோல், இரண்டு திரை. லீவரைத் தள்ளும்போது பிலிம் ஒரு படம் நகர்கிறது. கூடவே ஸ்பிரிங்கும் முறுக்கேறுகிறது. பொத்தானை அழுத்தினால் கண்ணாடி மேலே எழும்பும், முதல் திரை ஓடும், பின்னாலேயே இரண்டாவது திரை ஓடும். இரண்டு திரைகளுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் வெளிச்சம் விழும் நேரத்தைத் தீர்மானிக்கிறது. 1/1000 நொடியில் திரை அவ்வளவு வேகமாகவா ஓடுகிறது என்று கேட்பார்கள். இல்லை. திரையின் ஓட்டம் ஏறக்குறைய ஒரே வேகம்தான். இடைவெளிதான் ஒரு மெல்லிய கீற்றாகச் சுருங்கிவிடுகிறது. இதை முதன்முதலில் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு என் கண்ணாலேயே பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்த வேலைக்கு மின்சாரம் வேண்டாம். பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம்2, ஒலிம்பஸ் ஓஎம்-1 போன்றவற்றில் பேட்டரி வெளிச்சம் அளக்கும் மீட்டருக்கு மட்டும்தான். பேட்டரி தீர்ந்தாலும் எல்லா ஷட்டர் வேகங்களும் வேலை செய்யும். 1976இல் வந்த கேனான் ஏஇ-1 அப்படியில்லை. அதன் ஷட்டரையே மின்சுற்றுதான் நடத்துகிறது. 6 வோல்ட் பேட்டரி போடாவிட்டால் பொத்தான் அசையாது. நல்ல கேமராதான், ஆனால் உள்ளே இருக்கும் மின்சுற்றுக்கு ஏதாவது ஆனால் பெரும்பாலும் இன்னொரு ஏஇ-1-ஐ உடைத்துத்தான் பாகம் எடுக்க வேண்டும்.

என்னைப் பொறுத்தவரை இந்தக் கேமராக்கள் இத்தனை காலம் நீடித்ததற்கு முக்கியமான காரணம் இதுதான். ஒரு மனிதன் மேசைமேல் பிரித்து வைத்து, ஒவ்வொரு பாகமும் என்ன செய்கிறது என்று முழுவதும் புரிந்துகொள்ளக்கூடிய பொருள் இது. புரிந்துகொள்ள முடிந்தால் பழுதும் பார்க்கலாம். எண்ணெய் காய்ந்து போயிருந்தால் துடைத்துவிட்டுப் புது எண்ணெய் இடலாம். வெளிச்சம் உள்ளே கசியாமல் தடுக்கும் நுரைப்பட்டை கரைந்திருந்தால் சுரண்டிவிட்டுப் புதிது ஒட்டலாம். அப்புறம் இன்னும் இருபது வருடம் ஓடும்.

முதன்முதலாக வாங்க எது நல்லது?

கே1000. 1976 முதல் 1997 வரை, இருபது வருடத்துக்கும் மேல் அதிக மாற்றமில்லாமல் செய்தார்கள். மீட்டர் முள் நடுவில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் பாடம். இதில் மீட்டரை அணைக்க பொத்தான் கிடையாது, லென்ஸுக்கு மூடி போட்டால்தான் அது ஓய்வெடுக்கும். மூடி போட மறப்பவர்களுக்கு பேட்டரி சீக்கிரம் தீரும்.

பணம் கொஞ்சம் கூடுதலாகப் போட முடிந்தால் 1982இல் வந்த நிக்கான் எஃப்எம்2. முழுக்க இயந்திரம்தான், ஆனால் ஷட்டர் 1/4000 நொடி வரை போகும். அந்தக் காலத்தில் அது பெரிய சாதனை. ஒரு எச்சரிக்கை: 1977க்கு முந்தைய, 'ஏஐ' (துளை எண்ணைக் கேமராவுக்குத் தெரிவிக்கும் நிக்கானின் வளைய முறை) ஆக மாற்றப்படாத நிக்கான் லென்ஸ்களை எஃப்எம்2-இல் மாட்டாதீர்கள், லென்ஸ் வளையம் கேமராவின் சிறு நெம்பை உடைத்துவிடும். முந்தைய எஃப்எம்-இல் அந்த நெம்பை மடித்து வைக்கும் வசதி உண்டு.

நம் ஊரில் யாஷிகா எஃப்எக்ஸ்-3 நிறையக் கண்ணில் படும். அதன் மேல்தோல் காய்ந்து கறுப்புத் துகளாக உதிர்ந்து கையெல்லாம் ஒட்டும். அதைப் பார்த்து விட்டுவிட வேண்டாம். உள்ளே ஷட்டர் சரியாக இருந்தால், தோலைச் சுரண்டிவிட்டு வேறு ஒட்டிக்கொள்ளலாம். லென்ஸ்களும் அருமையானவை.

ரஷ்ய ஜோர்க்கி, ஃபெட் கேமரா கிடைத்தால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். பிலிமை நகர்த்திய பிறகுதான் ஷட்டர் வேகத்தை மாற்ற வேண்டும். முன்னால் மாற்றினால் உள்ளே பழுதாகலாம்.

பழையதை வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

முதலில் பின்கதவைத் திறந்து, லென்ஸைக் கழற்றி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒவ்வொரு வேகத்திலும் ஷட்டரைத் தட்டுங்கள். 1 நொடி என்றால் ஒரு நொடியாக இருக்க வேண்டும். எண்ணெய் காய்ந்த கேமராவில் 1/2, 1/4 நொடிகள் இழுத்துக்கொண்டு போகும், சில நேரம் பாதியில் நின்றுவிடும். வேகமான எண்களில் செவ்வகம் முழுக்க ஒரே அளவு வெளிச்சம் தெரிய வேண்டும். ஒரு ஓரம் இருட்டாக இருந்தால் திரைகள் தாளம் தப்பி ஓடுகின்றன என்று பொருள். துணித்திரையில் ஊசிமுனை ஓட்டை இருக்கிறதா என்று இருட்டறையில் டார்ச் அடித்துப் பாருங்கள்.

பின்கதவின் ஓரப் பள்ளங்களில் கறுப்பாகப் பசை போல ஒட்டுகிறதா? அது கரைந்துபோன நுரைப்பட்டை. இதற்காக விலையைக் குறைத்துக் கேளுங்கள், ஆனால் கேமராவை ஒதுக்க வேண்டாம். ஒரு மாலையில் நீங்களே மாற்றிவிடலாம். பேட்டரி அறையில் பச்சையாகப் பூத்திருந்தால் லேசான வினிகர் தொட்ட பஞ்சு போதும். கம்பிவரை அரித்திருந்தால் மட்டும் யோசியுங்கள். கேனான் ஏஇ-1 சுடும்போது 'கீச்' என்று கத்தினால் கண்ணாடியை இயக்கும் சக்கரங்களில் எண்ணெய் வற்றியிருக்கிறது. சரிசெய்யக்கூடியதுதான்.

லென்ஸில் துளை இதழ்களைப் பாருங்கள். எண்ணெய் படிந்து பளபளத்தால் அவை மெதுவாக மூடும், படம் வெளுக்கும். முன்கண்ணாடியில் ஒரு சின்னக் கீறலுக்குப் பயப்பட வேண்டாம், படத்தில் தெரியவே தெரியாது. பின்கண்ணாடியில் கீறல் இருந்தால் யோசிக்க வேண்டும்.

லென்ஸுக்குள் வலை மாதிரி இருக்கிறது. பூஞ்சையா? போகுமா?

பெரும்பாலும் பூஞ்சைதான். சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் இது லென்ஸுக்குப் பெரிய எதிரி. ஈரமும் இருட்டும் காற்றோட்டமில்லாத இடமும் சேர்ந்தால் போதும், தூசியைத் தின்று வளரும். நம் வீடுகளில் கேமராவைத் தோல் உறையோடு பீரோவில் பூட்டி வைப்பதுதான் வழக்கம். அந்தத் தோல் உறையே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பத்திரமாக வைத்தோம் என்று நினைத்துத்தான் எத்தனையோ பேர் நல்ல லென்ஸ்களை இழந்திருக்கிறார்கள்.

ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் லென்ஸைப் பிரித்துத் துடைக்கலாம். நாளானால் அது விடும் அமிலம் கண்ணாடியின் மேல்பூச்சை அரித்துவிடும்; துடைத்த பிறகும் வலையின் தடம் நிற்கும். நான் வாங்கிய முதல் 135 மி.மீ. லென்ஸ் (லென்ஸில் மி.மீ. எண் கூடக் கூடத் தூரத்துப் பொருள் பெரிதாக விழும்) அப்படிப்பட்டது. 'சுத்தமான கண்ணாடி' என்று சொல்லித்தான் விற்றார்கள். வீட்டுக்கு வந்து பின்னாலிருந்து டார்ச் அடித்தபோது சிலந்திக்கூடு. அன்றிலிருந்து டார்ச் இல்லாமல் லென்ஸ் வாங்கப் போவதில்லை.

வைக்கும் இடத்துக்குப் பெரிய செலவு தேவையில்லை. இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரமானி. ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. எல்லாவற்றையும்விடச் சிறந்த மருந்து, அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்துவது.

பழைய லென்ஸை இப்போதைய டிஜிட்டல் கேமராவில் மாட்டலாமா?

மிரர்லெஸ் கேமரா என்றால் தாராளமாக. பழைய லென்ஸ்களுக்கு மறுவாழ்வு கொடுத்ததே அவைதான்.

ஒவ்வொரு லென்ஸும் தன் மவுண்டிலிருந்து (கேமராவில் பொருந்தும் வாய்) குறிப்பிட்ட தூரத்தில் பிலிம் இருக்கும் என்று கணக்கிட்டுச் செய்யப்பட்டது. பழைய எஸ்எல்ஆரில் நடுவே கண்ணாடி எழும்பி இறங்க இடம் வேண்டும் என்பதால் அந்தத் தூரம் அதிகம். எம்42 திருகு மவுண்டுக்கு 45.46 மி.மீ., நிக்கான் எஃப்-க்கு 46.5 மி.மீ. மிரர்லெஸ் கேமராவில் கண்ணாடி கிடையாது. அதனால் சோனி இ மவுண்டில் 18 மி.மீ., நிக்கான் இசட்டில் 16 மி.மீ. தான். மிச்சமிருக்கும் இடத்தை ஒரு வெற்றுக் குழாய் நிரப்பினால் கணக்கு சரியாகிவிடும். எம்42 லென்ஸைச் சோனியில் மாட்ட 27.46 மி.மீ. நீளக் குழாய். அடாப்டர் என்பது அவ்வளவுதான். அதன் உள்ளே லென்ஸ் கண்ணாடி எதுவும் வேண்டாம், லென்ஸின் குணமும் மாறாது.

டிஜிட்டல் எஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் இதே கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். கேனான் இஎஃப் மவுண்டின் தூரம் 44 மி.மீ. எம்42 லென்ஸுக்கு 1.46 மி.மீ. வளையம் போதும், தொலைவுவரை போகஸ் ஆகும். ஆனால் நிக்கான் எஸ்எல்ஆரின் 46.5 என்பது 45.46-ஐ விட அதிகம், அதனால் தூரத்து மலை தெளியாது. கேனானின் சொந்தப் பழைய எஃப்டி லென்ஸ்களுக்கும் இதே கதி. அவற்றின் தூரம் 42 மி.மீ., இஎஃப் கேமராவில் தொலைவு போகஸ் கிடைக்காது. அந்த லென்ஸ்கள் பல வருடம் மலிவாகக் கிடந்ததற்கு இதுவும் ஒரு காரணம். மிரர்லெஸ் வந்த பிறகுதான் தேட ஆரம்பித்தார்கள்.

மாட்டிய பிறகு மெனுவில் 'லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கட்டும்' என்ற பொருளில் ஒரு அமைப்பு இருக்கும், அதைத் திறந்துவிடுங்கள். கேமராவின் உடலுக்குள் அசைவுத் தடுப்பு இருந்தால் லென்ஸ் எத்தனை மி.மீ. என்று கையால் பதிய வேண்டும். பிலிமின் இடத்தில் இருக்கும் சென்சார் சிறியதாக இருந்தால் (ஏபிஎஸ்-சி) 50 மி.மீ. லென்ஸ் சுமார் 75 மி.மீ. போலப் பார்க்கும். முகம் எடுப்பவர்களுக்கு அது வசதிதான்.

ஹீலியோஸ் லென்ஸில் பின்னணி சுழல்வது ஏன்?

ஹீலியோஸ் 44-2 ஒரு சோவியத் லென்ஸ், 58 மி.மீ., எஃப் 2 (எஃப் எண் சிறிதானால் துளை பெரிது). இதன் வேர் ஜெர்மனியில் இருக்கிறது. கார்ல் சைஸ் யேனா 1930களில் கொண்டுவந்த பயோட்டார் 58 மி.மீ. லென்ஸின் வடிவமைப்பை, போருக்குப் பிறகு சோவியத் ஒன்றியம் மாஸ்கோவுக்கு அருகிலுள்ள கிராஸ்னோகோர்ஸ்க் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய்த் தங்கள் கண்ணாடிக்கு ஏற்ப மாற்றியது. ஜெனிட் கேமராக்களோடு சேர்த்து லட்சக்கணக்கில் செய்தார்கள். அதனால்தான் இன்றும் விலை கையைக் கடிக்காமல் கிடைக்கிறது.

எஃப் 2-இல் முழுக்கத் திறந்து வைத்தால், படத்தின் நடுவுக்கு வரும் ஒளி முழுத் துளை வழியாகவும் வருகிறது. ஓரத்துக்குச் சாய்வாக வரும் ஒளியை லென்ஸ் குழாயின் விளிம்பு கொஞ்சம் வெட்டிவிடுகிறது. அதனால் நடுவில் வட்டமாக விழும் மங்கல் புள்ளிகள் ஓரத்தில் எலுமிச்சை வடிவமாகின்றன. அந்த எலுமிச்சைகள் எல்லாம் நடுப்புள்ளியைச் சுற்றி அடுக்கியது போல அமைவதால், கண்ணுக்கு ஒரு சுழல் தெரிகிறது. ஓரங்களில் இந்த லென்ஸுக்கு உள்ள மற்றக் குறைகளும் அதைக் கூட்டுகின்றன.

கணித்துப் பார்த்தால் இது பிழைதான். புது லென்ஸ் செய்பவர்கள் கணினி வைத்து இந்தப் பிழையை நீக்கத்தான் பாடுபடுகிறார்கள். ஆனால் வேப்பமரத்து இலைகளுக்கு நடுவே வெயில் புள்ளி புள்ளியாகத் தெரிய, அதற்கு முன்னால் இரண்டு மீட்டர் தூரத்தில் ஒருவரை நிறுத்தி எடுத்துப் பாருங்கள். மரமே அவரைச் சுற்றி வருவது போல இருக்கும். பின்னால் வெறும் சுவர் என்றால் ஒன்றும் தெரியாது. முழு அளவு சென்சார் அல்லது பிலிம் வேண்டும். சின்ன சென்சார் ஓரத்தை வெட்டிவிடுவதால் சுழலும் போய்விடும்.

44-2-இல் துளைக்கு இரண்டு வளையம் இருப்பது பலரைக் குழப்புகிறது. ஒன்று எண்ணைக் குறித்து வைக்க, மற்றொன்று முழுத்திறப்பிலிருந்து அந்த எண் வரை மூட. திறந்து வைத்து போகஸ் பிடி, மூடி எடு.

என் லென்ஸ் மஞ்சளாக இருக்கிறது. கதிர்வீச்சு என்கிறார்களே?

உண்மைதான். ஒளியை அதிகம் வளைக்கும் கண்ணாடி செய்ய அந்தக் காலத்தில் தோரியம் ஆக்சைடு சேர்த்தார்கள். ஏழு கண்ணாடி கொண்ட சூப்பர் டாக்குமார் 50 மி.மீ. எஃப் 1.4 இதில் பேர்போனது. கதிர்வீச்சால் அந்தக் கண்ணாடியே காலப்போக்கில் தேநீர் நிறமாகும். கேமராவில் மாட்டிப் படம் எடுப்பவருக்குப் பயப்படும் அளவில் ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கண்ணாடியை உடைக்கவோ தேய்க்கவோ கூடாது, தூசி உடம்புக்குள் போகக் கூடாது.

மஞ்சளைப் போக்க வெயிலே போதும். சன்னலோரம் சில நாள்முதல் சில வாரம்வரை வையுங்கள். லென்ஸுக்குக் கீழே அலுமினியத் தாள் கட்டாயம். லென்ஸ் என்பது பூதக்கண்ணாடி. குவிந்த வெயில் திரைச்சீலையைக் கொளுத்திவிடும்.

கையால் போகஸ் பிடித்து ஓடும் குழந்தையை எடுக்க முடியுமா?

முடியும், ஆனால் துரத்தக் கூடாது. லென்ஸின் மேல் துளை எண்கள் இருபுறமும் ஜோடியாகப் பொறித்திருக்கும், கவனித்திருக்கிறீர்களா? எந்தத் தூரத்திலிருந்து எந்தத் தூரம்வரை தெளிவாக விழும் என்று காட்டும் அளவுகோல் அது. 35 மி.மீ. லென்ஸில் எஃப் 8 வைத்து 3 மீட்டரில் போகஸ் நிறுத்தினால், சுமார் 2 மீட்டரிலிருந்து 7 மீட்டர்வரை எல்லாம் தெளிவு. அப்புறம் வளையத்தைத் தொடவே வேண்டாம். குழந்தை அந்த எல்லைக்குள் வரும்போது அழுத்தினால் போதும். தெருவில் படம் எடுத்த அந்தக் காலத்துக்காரர்கள் பலர் இப்படித்தான் எடுத்தார்கள். எந்தத் தானியங்கி போகஸும் இதைவிட வேகமாக இருக்க முடியாது, ஏனென்றால் இங்கே செய்ய வேண்டிய வேலையே இல்லை.

நின்றிருப்பவரை எடுக்க, கண் வைத்துப் பார்க்கும் வியூபைண்டரின் நடுவட்டத்தைப் பாருங்கள். பல கேமராக்களில் அது இரண்டாக வெட்டியது போலத் தெரியும். சேலைக் கரையோ தூணின் விளிம்போ ஒரே கோடாகச் சேர்ந்தால் போகஸ் பிடித்தாயிற்று. மிரர்லெஸ்ஸில் தெளிவான விளிம்புகளை நிறம்பூசிக் காட்டும் வசதி உண்டு. முகத்துக்கு அதை முழுசாக நம்பாமல், கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள்.

மீட்டர் வேலை செய்யவில்லை. என்ன செய்வது?

முதலில் பேட்டரி. ஓஎம்-1 போன்ற கேமராக்கள் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. அவை தடை செய்யப்பட்டுவிட்டன. காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 எண் பேட்டரி 1.4 வோல்ட், ஏறக்குறைய அதே அளவு. ஒரு ரப்பர் வளையம் வைத்தால் ஆடாமல் உட்காரும். சாதாரண 1.5 வோல்ட் போட்டால் மீட்டர் ஓடும், ஆனால் பல கேமராக்களில் தப்பாகக் காட்டும்.

மீட்டரே செத்துவிட்டது என்றால் வெயிலை நம்புங்கள். நல்ல வெயிலில் துளை எஃப் 16, ஷட்டர் பிலிமின் ஐஎஸ்ஓ எண்ணுக்கு (வெளிச்சத்தை எவ்வளவு உணரும் என்று டப்பியில் போட்டிருக்கும் எண்) பக்கத்து வேகம். 400 ஐஎஸ்ஓ என்றால் 1/500, 100 என்றால் 1/125. லேசான மேகம் எஃப் 11, மூட்டம் எஃப் 8, திறந்தவெளி நிழல் எஃப் 4. நம் ஊர் வெயில் வருடத்தில் முக்கால்வாசி நாள் இந்தக் கணக்குக்கு அடங்கும். சந்தேகம் வந்தால் நெகட்டிவ் பிலிமுக்கு ஒரு படி அதிகம் கொடுங்கள். குறைவாகக் கொடுப்பதைத்தான் அது மன்னிக்காது.

சரி, ரோல் இன்னும் கிடைக்கிறதா?

கிடைக்கிறது. அமெரிக்காவின் ராச்செஸ்டரில் கோடாக் பிலிம்கள் இன்றும் உருவாகின்றன. இங்கிலாந்தில் இல்ஃபோர்டு, செக் நாட்டில் ஃபோமா. கருப்பு-வெள்ளையில் தொடங்குபவர்களுக்கு இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ். தப்பு செய்தாலும் தாங்கும். கலருக்கு கோடாக் கோல்டு 200. விலை நிச்சயம் ஏறிவிட்டது, அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். அதனால்தான் பழைய லென்ஸ் ஆசை உள்ளவர்களை முதலில் டிஜிட்டலில் பழகச் சொல்கிறேன்.

ரோல் பற்றிப் பேசும்போது ஊட்டியை நினைக்காமல் இருக்க முடியாது. இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960இல் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனம். பிரெஞ்சுத் தொழில்நுட்பத்தோடு 1967இல் உற்பத்தி ஆரம்பித்தது. பிலிமுக்குத் தூசியும் வெப்பமும் ஆகாது. ஊட்டியின் குளிரும் சுத்தமான காற்றும் அதற்குப் பொருந்தின. 'இந்து' என்ற பெயரில் கருப்பு-வெள்ளை ரோல், எக்ஸ்ரே பிலிம், பிரிண்ட் போடும் தாள் எல்லாம் அங்கிருந்து வந்தன. இந்து என்றால் நிலா. இருட்டறையில் வெள்ளி உப்பில் படம் எழும்புவதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரின் அழகு தெரியும். கடனும் வெளிநாட்டுப் போட்டியும் டிஜிட்டலும் சேர்ந்து அந்தத் தொழிற்சாலையை மூடிவிட்டன. அந்தக் குடியிருப்பு இன்றும் இந்து நகர்தான். நம் தாத்தா பாட்டிகளின் ஸ்டுடியோ படங்கள் எத்தனையோ அந்த மலையில் செய்த தாளில் இருக்கின்றன. ஒரு நாடு தன் பிலிமைத் தானே செய்துகொண்டது என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

வீட்டிலேயே கழுவ முடியுமா?

கருப்பு-வெள்ளையை முடியும். முழு இருட்டறை தேவையில்லை. கை நுழைக்கும் கறுப்புத் துணிப்பைக்குள் பிலிமைச் சுருளில் ஏற்றி டேங்கில் மூடிவிட்டால், மீதி வேலையை அடுப்படி மேடையில் விளக்கைப் போட்டுக்கொண்டே செய்யலாம். படத்தை எழுப்பும் டெவலப்பர், அதை நிறுத்தும் கரைசல், படத்தை நிலைக்கவைக்கும் ஃபிக்ஸர், அப்புறம் தண்ணீர்.

நம் ஊரில் சிக்கல் வெப்பம். புத்தகங்கள் 20 டிகிரி என்கின்றன. மே மாதக் குழாய்த் தண்ணீர் முப்பதைத் தாண்டும். சூடு கூடினால் டெவலப்பர் வேகமாக வேலை செய்யும், நேரத்தைக் குறைக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் படம் திட்டுத்திட்டாக வரும். நான் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் ஐஸ் கட்டி போட்டு பாட்டில்களை நிறுத்தி 24 டிகிரிக்குக் கொண்டுவந்து, அந்த வெப்பத்துக்கான நேரம் பார்த்துக் கழுவுகிறேன். டெவலப்பரை மட்டும் குளிரவைத்தால் போதாது. அது 20-இலும் கழுவும் தண்ணீர் 32-இலும் இருந்தால் பிலிமின் ஜெலட்டின் சுருங்கி விரிந்து வெடிப்புப் பின்னல் விழும். எல்லாக் கரைசலும் ஒரே சூட்டில் இருக்கட்டும். போர் தண்ணீரில் உப்பு அதிகம் என்றால் கடைசி அலசலுக்கு பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் காய்ந்ததும் புள்ளி தெரியும்.

கலர் நெகட்டிவுக்கான சி-41 முறைக்கு 37.8 டிகிரி வேண்டும். அந்தச் சூடு நமக்குப் பழக்கமானதுதான், ஆனால் அரை டிகிரிகூடப் பிசகாமல் பிடிப்பது தனிப் பொறுமை.

விமானத்தில் கொண்டுபோகலாமா?

கைப்பையில் மட்டும். கீழே போகும் பெட்டியில் போடவே போடாதீர்கள், அங்குள்ள எக்ஸ்ரே பலமானது. சோதனைச் சாவடியில் ரோல்களைத் தனிப் பையில் எடுத்து நீட்டி, கையால் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். புது வகை சி.டி. (CT) ஸ்கேனர் வழியாகப் போன ரோல் புகைபடிந்தது போல ஆகிவிடும்.

யாராவது இப்போது புதிதாக பிலிம் கேமரா செய்கிறார்களா?

செய்கிறார்கள். லைக்கா தன் எம்6-ஐ 2022இல் மறுபடி கொண்டுவந்தது, விலை நம்மைப் போன்றவர்களுக்கு அல்ல. 2024இல் பென்டாக்ஸ் 17 வந்தது. ஒரு படத்தின் இடத்தில் இரண்டு எடுக்கும், 36 படச் சுருளில் 72. ஆனாலும் ஒரு பழைய கே1000-ஐப் பழுது பார்த்துப் பயன்படுத்தத்தான் என் கை போகும்.

அப்பாவின் பீரோவில் ஒரு கேமரா கிடக்கிறது. என்ன செய்யட்டும்?

பின்கதவைத் திறக்காதீர்கள். உள்ளே ரோல் இருக்கலாம். இடதுபக்கம் மேலே இருக்கும் சுற்றுக் குமிழை அம்புக்குறி காட்டும் பக்கம் மெல்லத் திருப்புங்கள். தடையில்லாமல் சுற்றிக்கொண்டே போனால் கேமரா காலி. கொஞ்சம் சுற்றியதும் இறுகி நின்றால் உள்ளே பிலிம் இருக்கிறது. அடிப்பக்கத்தில் உள்ள சின்னப் பொத்தானை அழுத்திவிட்டு அதே பக்கம் நிதானமாகச் சுற்றுங்கள். பிலிம் பழசாகிக் காய்ந்திருக்கும், அவசரப்பட்டால் கிழியும். கடைசியில் ஒரு இழுப்பு விட்டு, குமிழ் சட்டென இலகுவாகும். அதன்பிறகு திறக்கலாம். தெரியாமல் முன்பே திறந்துவிட்டீர்களா? உடனே மூடுங்கள், வெளிச்சம் வெளிச்சுற்றுகளைத்தான் முதலில் கெடுக்கும், டப்பிக்குள் சுருண்டிருப்பது தப்பியிருக்கும்.

இருபது முப்பது வருடக் கலர் ரோலில் நிறம் பெரும்பாலும் போயிருக்கும். அதனால் கழுவித் தருபவரிடம் கருப்பு-வெள்ளை முறையில் கழுவச் சொல்லுங்கள், உருவமாவது நிற்கும். கோடாக்ரோம் என்று டப்பியில் எழுதியிருந்தால் அதற்கும் இதே வழிதான்; அதைக் கலரில் கழுவிய கடைசிக் கூடம் 2010 டிசம்பரோடு ரோல் வாங்குவதை நிறுத்திவிட்டது.

என் அப்பாவின் யாஷிகாவில் அப்படி ஒரு ரோல் இருந்தது. 36இல் ஒன்பது படம் தேறின. எட்டில் எங்கள் பழைய வீட்டுக் கொல்லை, புகைமூட்டம் போல. ஒன்பதாவதில் அம்மா, என் அக்காவை இடுப்பில் வைத்துக்கொண்டு, கேமரா பக்கம் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கேமராவுக்கு நுரைப்பட்டை மாற்றி, ஷட்டரில் எண்ணெய் இட்டு வாங்க இரண்டு வாரம் ஆனது. புது ரோல் போட்டு முதல் படம் அம்மாவைத்தான் எடுத்தேன்.